மணிக்குள் அடைத்த துணி

இதில் ஒரு வரியைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்களையும் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் பச்சை அட்டை போட்ட வண்டி நோட்டு ஒன்று இருக்கிறது. தேதி, புறப்பட்ட நேரம், ஓடிய தூரம், குறை என்று நான்கு கட்டங்கள். அதில் 'குறை' என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், 'மணி ஒரு தடவை' என்று ஏழு இடங்களில் எழுதியிருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் 'இரண்டு தடவை'.  

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறவள் நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் டிங்கர். இடிபட்ட வண்டிகளின் தகரத்தைத் தட்டித் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடம் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் நின்றதில் இடது காது கிட்டத்தட்ட அடைத்துப்போய்விட்டது. நான் வீட்டின் முன்பகுதியில் ரொட்டியும் பன்னும் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள். ஒன்பது வயது. வாய் ஓயாது, கால் நிற்காது. அதனால் வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு.

அந்த வண்டி, இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் செய்த ஒரு பிக்கப். ஒரு பெரியவரின் கிடங்கில் பழைய சாக்குகளுக்கு அடியில் அறுபது வருடத்துக்கும் மேலாகக் கிடந்தது. முன்னால் தவளைக் கண் போல இரண்டு விளக்குகள், பக்கவாட்டில் ஏறி நிற்க நீளமான படி, பின்னால் மரப்பலகை பதித்த தொட்டி. அதை முதன்முதலாகப் பார்த்துவிட்டு வந்த அன்று என் கணவர் தட்டைப் பார்க்காமலே சாப்பிட்டு முடித்தார். எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

"எனக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டுவரப் போறீங்க. அப்படித்தானே?"

"உனக்காகத்தாம்மா. ரொட்டி கொண்டுபோக வண்டி வேணும்னு நீதானே கேட்டே."

"நான் கேட்டது வண்டி. எண்பது வயசுக் கிழவியை இல்ல."

"கிழவியா இருந்தா என்ன, உன்னை மாதிரி எரிஞ்சு விழ மாட்டா."

ஒன்றே முக்கால் வருடம், எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த வண்டிக்கே போயின. ஆனால் அவர் அதைக் கண்காட்சிக்காகச் செய்யவில்லை. "துடைச்சுத் துடைச்சுப் பார்க்கிறதுக்கா வண்டி? தினமும் ஓடணும். மழையில ஓடணும். மேடு ஏறணும்" என்பார். விபத்தில் நொறுங்கிய ஒரு வேனிலிருந்து நல்ல இன்ஜினை எடுத்து வைத்தார். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். மூன்று பேருக்கும் சீட் பெல்ட். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராதபடி கேபின் முழுக்க ரப்பர்.

உள்ளே எல்லாம் புதுசு. வெளியே பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது பழைய வண்டியாகவே தெரிய வேண்டும். அதுதான் அவர் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தால்தான் பின்கதவை அப்படியே விட்டார். தொட்டியின் கடைசியில் கீழ்நோக்கித் திறக்கும் பலகைக் கதவு அது. இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி. கொக்கியை வளையத்தில் மாட்டினால் கதவு நிற்கும், எடுத்தால் சங்கிலியில் தொங்கும். கொக்கிகள் தேய்ந்திருந்தன. நான்கூட ஒரு தடவை கேட்டேன்.

"எண்பது வருஷம் தாங்கின கொக்கி. இதுக்கு மேல என்ன சோதனை வேணும்?" என்றார்.

மணியைக் கண்டுபிடித்தது வாலுதான். கேபினின் பின்சுவரில், கூரையை ஒட்டி, தூசி மூடிக் கிடந்தது. மாதுளம்பழம் அளவுக்குப் பித்தளை மணி. அதன் அருகில் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

"இது எதுக்குப்பா?"

"முன்னெல்லாம் தொட்டியில ஆளுங்களை ஏத்திட்டுப் போவாங்க. இந்த ஓட்டை வழியா ஒரு கயிறு பின்னாடி போகும். பின்னாடி இருக்கிறவங்க இழுத்தா இங்க அடிக்கும். ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சா போ."

"பஸ் மாதிரியா?"

"பஸ் மாதிரிதான்."

வாலு விரலால் தட்டினாள். மணி அடிக்கவில்லை. தலைகீழாகப் பார்த்தபோது உள்ளே நாக்கைச் சுற்றி ஏதோ துணி திணித்திருந்தது. கிரீசும் தூசியும் ஏறிக் கட்டைபோல இறுகியிருந்தது. என் கணவர் குறட்டால் இழுத்து இழுத்து எடுத்தார். காக்கித் துணி. அதில் ஒரு பித்தளைப் பொத்தான்.

எவனோ சோம்பேறி செய்த வேலை என்றார். மணி என்றால் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எதற்கு என்றார். துணி அன்றைக்கே குப்பையோடு எரிந்துபோனது. பொத்தான் அழகாக இருந்ததால் அதை மட்டும் என் தையல் டப்பாவில் போட்டு வைத்தேன்.

மணியைத் துலக்கி மாட்டினார். ஆனால் கயிறு கட்டவில்லை. மழைத் தண்ணீர் வரும் என்று அந்த ஓட்டையைத் தகரம் வைத்து வெல்டிங் அடித்து, மேலே பட்டி போட்டுத் தேய்த்து, பெயிண்டும் அடித்துவிட்டார். ஓட்டை இருந்த இடம் விரலால் தடவினால்கூடத் தெரியாது.

இதைக் கவனமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மணிக்குக் கயிறு கிடையாது.

முதல் திங்கட்கிழமை காலை 5.40-க்கு வண்டி கிளம்பியது. பதினான்கு தட்டு ரொட்டியும் பன்னும் பின்னால். முன்னால் அவர், நான், நடுவில் வாலு. வீட்டில் அவளைத் தனியாக விட முடியாது என்பதால் தூக்கத்தோடே கூட்டிப்போவோம். என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். முதல் ஒரு மாதத்துக்கு எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார். எந்தச் சத்தம், எந்த இடம், எத்தனை மணி... எல்லாம். அப்போதுதான் வண்டியைத் திருத்த முடியுமாம்.

திங்கள், குறை எதுவும் இல்லை. செவ்வாயும் இல்லை.

புதன்கிழமை 5.52.

ஊர் எல்லை தாண்டியதும் சாலை மேடேறி ஒரு வளைவு வரும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு. வளைவின் பாதியில் என் தலைக்குப் பின்னால்...

ணங்.

ஒரே ஒரு தடவை.

"மணி அடிச்சுது பாருங்க" என்றேன். அவர் திரும்பவில்லை. இடது காது என் பக்கம்தானே. தொடையில் தட்டிச் சொன்னேன்.

"பள்ளத்துல ஏறியிருக்கும். எழுதி வை."

எழுதி வைத்தேன்.

வியாழன், 5.52. அதே வளைவு. இந்தத் தடவை நான் சாலையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பள்ளம் இல்லை. புதிதாகத் தார் போட்ட சாலை. ணங்.

வெள்ளி, 5.52. ஒரு தடவை.

அன்று ஒரு கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு பன்னைத் திருப்பிக் கொடுத்தார். "என்னக்கா, கயித்து நாரை எல்லாம் போட்டுச் சுடறீங்க?" பன்னில் ஒட்டியிருந்தது தேங்காய் நார். முறுக்கேறிய, பழுப்பு நிற நார். என் அடுப்படியில் நார்க்கயிறு என்று ஒன்று கிடையவே கிடையாது.

சனிக்கிழமையும் 5.52-க்கு ஒரு தடவை. அன்று கடைசித் தட்டில், பின்கதவை ஒட்டி இருந்த தட்டில், நடுவில் இருந்த ரொட்டிகள் மட்டும் நசுங்கியிருந்தன. யாரோ மேலே உட்கார்ந்துகொண்டு வந்ததுபோல.

"அடுக்கும்போது கை அழுத்தியிருப்பே" என்றார் அவர்.

நான் பதினோரு வருடமாகத் தட்டு அடுக்குகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை. மணி அடித்தது. என் மடியில் கண் மூடிக் கிடந்த வாலு கண் திறக்காமலே சொன்னாள்.

"அம்மா... யாரோ நிறுத்தச் சொல்றாங்க."

"தூங்குடி."

"பாவம்மா. நிறுத்தச் சொல்லும்மா அப்பாவை."

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பேசாமல் இருந்தேன். 

செவ்வாய்க்கிழமை வளைவில் வழக்கம்போல ஒரு தடவை. அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். 6.21-க்கு ஒரு கடை வாசலில் வண்டி நின்றது. வாலு அப்பாவோடு இறங்கி எட்டாவது தட்டுக்குக் கை கொடுக்கப் போனாள். இருவரும் கடைக்குள் போய்விட்டார்கள். நான் மட்டும் கேபினில். இன்ஜினை அணைத்திருந்தார். காற்றுகூட இல்லை.

ணங்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடித்தது. மணி ஆடவில்லை. உள்ளே நாக்கு மட்டும் அசைந்தது. யாரோ ஒரு பக்கமாக இழுத்துவிட்டது போல.

மெதுவாகத் திரும்பி, கேபினின் பின்கண்ணாடி வழியாகத் தொட்டியைப் பார்த்தேன். தட்டுகள். தட்டுகளைத் தவிர யாரும் இல்லை.

ஆனால் கண்ணாடியில் மூச்சுப் பட்ட ஆவி படிந்திருந்தது. வெளிப்பக்கம். கண்ணாடியின் கீழ் ஓரத்தில், சின்ன வட்டமாக. தொட்டியில் ஒரு பெரிய ஆள் நின்றிருந்தால் அவ்வளவு தாழ்வாகப் படிந்திருக்காது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். வட்டம் சுருங்கி மறைந்தது...

மறுபடியும் படிந்தது.

அன்று மாலை, நீலக் கட்டம் போட்ட என் கைத்துடைப்புத் துணியை எடுத்து வந்தேன். மணிக்குள் நாக்கைச் சுற்றி விரலால் அழுத்தி அழுத்தித் திணித்தேன். இனி அசையவே முடியாது என்று தெரியும்வரை திணித்தேன். அவர் பட்டறை வாசலில் நின்று பார்த்தார்.

"மணியோட என்னம்மா சண்டை?"

"தலைவலி வருதுங்க."

"எனக்கு ஒண்ணுமே கேட்கறதில்லையே."

"கொடுத்து வெச்சவர்" என்றேன்.

அதற்குப் பிறகு, ஞாயிறு லீவு போக, ஒன்பது நாட்கள். ஒரு சத்தம் இல்லை. வளைவில் 5.52-க்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் நடக்காது. நார் இல்லை, நசுங்கிய ரொட்டி இல்லை. ஒரு துணியால் முடிந்துவிடுகிற விஷயத்துக்கா இப்படிப் பயந்தோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. சக்களத்தியோடு சமாதானமாகப் போய்விட்டேன். அவளுக்கு ஒரு புது மெத்தை உறைகூடத் தைத்துப் போட்டேன்.

பத்தாவது நாள், சனிக்கிழமை.

ஒரு கல்யாணத்துக்கு மூன்று அடுக்கு கேக் ஒன்றைக் காலை ஆறரைக்குள் கொண்டுபோக வேண்டும். இரண்டு நாள் வேலை. வெள்ளை கிரீமில் நூற்று நாற்பது பூக்கள், ஒவ்வொன்றும் நான் கையால் செய்தது. பெட்டியைப் பின்னால் தொட்டியில் வைத்தால் மேட்டில் சரியும். கேபினில் நடு இருக்கையில் வைத்து நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால்தான் உருப்படியாகப் போய்ச் சேரும்.

அப்படியானால் வாலு?

"நான் பின்னாடி உக்காந்துக்கறேம்மா. ப்ளீஸ்மா. ஒரே ஒரு தடவைம்மா."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"மெதுவா போறேன். கேபினை ஒட்டி உக்காரட்டும்" என்றார்.

சரி என்றது நான்தான். அவர் இல்லை. நான். கேக்குக்காகச் சரி என்றேன்.

ஒரு காலித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் அவளை உட்கார வைத்தோம். முதுகு கேபின் சுவரில். இரண்டு பக்கமும் ரொட்டித் தட்டுகள். என் சால்வையைச் சுற்றிவிட்டேன். அவர் பின்கதவை மூடிக் கொக்கிகளை மாட்டிக் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

5.40. கிளம்பினோம்.

5.46. திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியில் அவள் பின்னந்தலை தெரிந்தது. ஒற்றைச் சடை. ஏதோ பாடிக்கொண்டு வந்தாள்.

5.50. மேடு ஆரம்பித்தது. கேக் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு கை எடுத்தால்கூடச் சரிந்துவிடும்.

5.52. வளைவு.

மணி அடிக்கவில்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போது...

ணங்.

நிமிர்ந்து பார்த்தேன். மணிக்குள் என் நீலத் துணி இருந்தது. திணித்தது திணித்தபடி. நாக்கு அசைய வழியே இல்லை.

ணங்.

ணங். ணங்.

ணங் ணங் ணங் ணங்...

பின்கண்ணாடியைப் பார்த்தேன்.

சடை இல்லை.

"நிறுத்துங்க."

அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வண்டியை நிறுத்துங்க."

"ஆங்? கேக் சரியுதா?"

கேக்கை விட்டேன். பெட்டி கவிழ்ந்தது. இரண்டு கையாலும் அவர் தோளை அறைந்தேன்.

பிரேக் பிடித்தது.

கதவைத் திறந்து ஓடினேன்.

பின்கதவு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கி வளையத்தை விட்டு நழுவியிருந்தது. இன்னொன்று பலகையோடு பிய்ந்திருந்தது. நாங்கள் ஏறிவந்த சாலை முழுக்க ரொட்டி. தட்டுகள் ஒவ்வொன்றாகச் சறுக்கிச் சரிவில் உருண்டுகொண்டிருந்தன.

என் மகள் தொட்டியின் விளிம்பில் குப்புறக் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே வெளியே. கால்கள் அந்தரத்தில். மேட்டில் நிற்கிற வண்டி, வழுவழுப்பான பலகை, எல்லாம் பின்பக்கமாகச் சரிகிறது.

அவள் மட்டும் சரியவில்லை.

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கேபின் பக்கம் நீட்டியிருந்தாள். இரண்டு முஷ்டியும் ஒன்றின்மேல் ஒன்றாக, எதையோ இறுகப் பிடித்திருந்தன. கைகள் விறைத்து நீண்டிருந்தன. பிடித்துத் தொங்குகிற கைகள்.

அவற்றில் ஒன்றும் இல்லை.

முஷ்டிக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. அதற்கு அந்தப் பக்கம் வெல்டிங் அடித்து மூடிய சுவர்.

இடுப்பைச் சேர்த்து அணைத்துத் தூக்கினேன். "விட்டுடுடி, அம்மா பிடிச்சுட்டேன்" என்றேன். அதன் பிறகுதான் முஷ்டிகள் திறந்தன.

திறந்த அந்த நொடியில், மேலே நின்றிருந்த கடைசித் தட்டும் நழுவி என் காலருகே விழுந்தது.

உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. கயிறு இழுத்த தடம். சதையில் பழுப்பு நிற நார்கள் குத்திக்கொண்டிருந்தன.

அவர் என் பின்னால் வந்து நின்றார். கொக்கியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். 

"கயிறு ஏதுடா கண்ணு?" என்று கேட்டார் கடைசியில்.

"இருந்துச்சேப்பா. சரியும்போது கைக்கு வந்துச்சு." அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "நான் ஒரு தடவைதான் இழுத்தேன். அப்புறம் எல்லாம் அவதான் இழுத்தா."

"எவ?"

வாலு தொட்டிக்குள் பார்த்தாள்.

கேபினுக்குள் ஏறினோம். இருக்கை, தரை, கண்ணாடி எல்லாம் வெள்ளை கிரீம். அதன் மேலேயே உட்கார்ந்தேன். அவளை மடியில் வைத்து மூன்று பெல்ட்டையும் சேர்த்துப் போட்டதுபோல அணைத்துக்கொண்டேன். அவர் சாவியில் கை வைத்தார்.  வண்டி கடிகாரத்தில் 6.04.

ணங். ணங்.

இரண்டு தடவை. நிதானமாக.

அவர் கை சாவியில் அப்படியே நின்றது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டா?"

என் பேச்சையே பாதிதான் கேட்கும் காது அது.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"...ம்."

வண்டியைத் திருப்பி நேராக வீட்டுக்கு ஓட்டினார். கல்யாண வீட்டுக்காரர்களிடம் நான் வாங்கிய திட்டு தனிக் கதை.

மறுநாள் ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு, வண்டியை எங்களுக்கு விற்ற பெரியவரைப் பார்க்கப் போனோம். எழுபது தாண்டியவர். கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். 'மணி' என்ற சொல் வந்ததும் பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உள்ள துணி இருந்திருக்குமே?"

நான் தையல் டப்பாவிலிருந்து எடுத்து வந்த பித்தளைப் பொத்தானை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"எங்க அப்பாவோட தொப்பி அது" என்றார். "வண்டி ஓட்டும்போது போட்டுக்குவார்."

அப்புறம் சொன்னார். அவருடைய அப்பா விடியற்காலையில் பஞ்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்புவாராம். மூத்த மகள் கூடப் போவாள். ஒன்பது வயது. தொட்டியில்தான் உட்காருவாள். விளையாட்டுக்குச் சும்மா சும்மா கயிற்றை இழுத்து மணி அடிப்பாள். அப்பா நிறுத்தி இறங்கி வந்து பார்த்தால் சிரிப்பாள். ஒரு நாள் கோபத்தில் தொப்பியைக் கழற்றி மணிக்குள் திணித்துவிட்டார்.

"மறுநாள் அந்த மேட்டு வளைவுல பின்கதவு கொக்கி விட்டுடுச்சு. எங்கக்கா கயித்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே இழுத்திருக்கா. அப்பாவுக்குக் கேட்கலை. மூணு மைல் தள்ளி, வீட்டு வாசல்ல நிறுத்தி இறங்கி வந்துதான் பார்த்தார்."

பெரியவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"கயித்தை அவ விடலை. விரலைப் பிரிக்க முடியலை. கயித்தை அறுத்துத்தான் இறக்கினாங்க. தேங்காநார்க் கயிறு. எனக்கு அப்ப ஆறு வயசு."

"இதை ஏன் எங்ககிட்ட முன்னாடியே சொல்லலை?" என்றார் என் கணவர்.

"அது மறுபடி ஓடும்னு நான் நினைக்கலையேப்பா. உடைச்சு இரும்புக்குப் போடுவீங்கன்னு நினைச்சேன்."

நாங்கள் எழுந்தோம். வாசல் வரை வந்துவிட்டோம். அப்போது பெரியவர் கூப்பிட்டு மெல்லிய குரலில் கேட்டார்.

"கடைசியா ரெண்டு தடவை அடிச்சுதாம்மா?"

அதை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"ரெண்டு அடிச்சா போ-ன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

"மத்தவங்களுக்கு அப்படித்தான். ஆளுங்களை இறக்கிட்டுக் கிளம்பும்போது, எங்கக்கா ஏறி நல்லா உக்காந்துட்டு ரெண்டு தடவை அடிப்பா." அவர் என் கணவரைப் பார்த்தார். "'ஏறிட்டேன்ப்பா, வீட்டுக்குப் போகலாம்'னு அர்த்தம்."

அந்த வண்டியை நாங்கள் விற்கவில்லை. பின்கதவுக்கு இப்போது கனமான தாழ்ப்பாளும் போல்ட்டும் இருக்கின்றன. மணிக்குள் துணி இல்லை. தினமும் 5.52-க்கு அந்த வளைவில் அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துகிறார். இறங்கிப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறார். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்பதில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நோட்டில் குறைக் கட்டம் காலியாகவே இருக்கிறது. அன்று வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம்.

நிறுத்து, இறங்க வேண்டும் என்றால் ஒரு தடவை அடிக்க வேண்டும்.

ஏழு மாதம் ஆகிறது. அவள் இன்னும் அடிக்கவில்லை.